வலிப்புக்குக் கொடுத்த மாத்திரையே வலிப்பைக் கூட்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை பல் தேய்க்கப் போனவள் வாஷ்பேசின் பக்கத்திலேயே விழுந்து, கை கால் இழுத்து, வாயில் நுரை தள்ளிவிட்டது. முந்தின நாள் ஒரு கல்யாண வீட்டிலிருந்து இரவு ஒரு மணிக்குத்தான் வந்து படுத்தோம். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார். கார்பமாசெபின் மாத்திரை காலையும் இரவும் கொடுத்தார். பெரிய வலிப்பு அப்புறம் வரவில்லை. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து காலையில் கை வெட்டி வெட்டி இழுக்கிறது, வலது கையில்தான் அதிகம். திரும்பக் காட்டியபோது டோஸைக் கூட்டினார்கள். கூட்டியதும் இன்னும் மோசம். இப்போது நடுநடுவே சில வினாடி எங்கேயோ பார்த்தபடி நிற்கிறாள், கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. என் மாமியார், "மாத்திரைதான் பண்ணுது, நிறுத்து" என்கிறார். என் கணவர், "டாக்டரைவிட உனக்குத் தெரியுமா" என்கிறார். நிறுத்திவிடலாமா? மார்ச்சில் பரீட்சை வேறு. தினமும் நாலு மணிக்கு எழுப்பிப் படிக்க வைக்கிறேன். அதனால் உடம்பு பலவீனமாகி இப்படி ஆகிறதோ என்றும் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. மாத்திரை காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. "நிறுத்து" என்கிற மறுபாதிதான் ஆபத்து. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் இரவு மாத்திரையை வழக்கம்போல் கொடுத்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அவள் விழுந்த அந்த நாளை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய ஓரிரண்டு வருடத்தை நினைத்துப் பாருங்கள். காலை வேளையில் அவள் கையிலிருந்து சாமான் தவறி விழுந்திருக்கிறதா? தலை வாரும்போது சீப்பு எகிறிப் போய் விழுவது, பிரஷ் கை நழுவுவது, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதி காபி தாவணியிலோ யூனிஃபார்மிலோ கொட்டுவது, இந்த மாதிரி. பெரும்பாலான அம்மாக்கள் இந்த இடத்தில் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள். அப்புறம், "ஆமா டாக்டர், கையில என்னடி வெண்ணெயா தடவியிருக்கேன்னு திட்டிக்கிட்டே இருப்பேன்" என்பார்கள். திட்டியதற்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். அது வலிப்பு என்று யாருக்குத் தோன்றும்?

அதுவும் வலிப்புதான். ஒரு நொடிகூட நீடிக்காத வலிப்பு. மின்சாரம் பட்டதுபோல் தோளும் கையும் வெட்டும், நினைவு தப்பாது, உடனே சரியாகிவிடும். இதை மயோக்ளோனிக் வெட்டு என்கிறோம். 12 வயதிலிருந்து 18 வயதுக்குள், தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் இந்த வெட்டு, தூக்கம் கெட்ட மறுநாள் ஒரு பெரிய வலிப்பு, சிலருக்கு நடுநடுவே வெறித்துப் பார்ப்பது, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று எல்லாம் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு. சுருக்கமாக ஜே.எம்.இ. என்போம். ஜெர்மனியில் டீட்டர் யான்ஸ் என்ற மருத்துவர் 1957-இல் இதைத் தனி வகையாக விளக்கி எழுதினார். வலிப்புள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இந்த வகை இருக்கும். அபூர்வ நோய் அல்ல, அடிக்கடி கண்ணில் படாமல் போகிற நோய்.

கடிதத்தை வைத்து உங்கள் மகளுக்கு இதுதான் என்று நான் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கல்யாண வீடு, ஒரு மணித் தூக்கம், மறுநாள் வாஷ்பேசின் என்று நீங்கள் எழுதிய மூன்று வரியைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சரி, இதில் கார்பமாசெபின் எங்கே வருகிறது?

வலிப்பு என்று ஒரே சொல்லைச் சொன்னாலும் அது ஒரே நோய் இல்லை. பெரிதாகப் பிரித்தால் இரண்டு குடும்பம். ஒன்றில், மூளையின் ஏதோ ஒரு மூலையில் தீப்பொறி கிளம்பி அங்கிருந்து பரவும். அடிபட்ட தழும்பு, பழைய கட்டி, நம் ஊரில் அதிகம் பார்க்கிற நாடாப்புழு முட்டையால் வரும் கட்டி, இப்படி ஏதாவது அங்கே இருக்கலாம். இன்னொன்றில் தழும்பும் இல்லை, மூலையும் இல்லை. மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சேர்ந்து துடிக்கும். ஜே.எம்.இ. இந்த இரண்டாவது குடும்பம். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் சில வினாடி வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப எழுதத் தொடங்குவார்களே, அந்த அப்சென்ஸ் வலிப்பும் இதே குடும்பம்தான்.

கார்பமாசெபின் முதல் குடும்பத்துக்குப் பிரமாதமான மருந்து. விலை குறைவு, எல்லா ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கும், பல லட்சம் பேரை வேலைக்குப் போக வைத்திருக்கிறது. நரம்புச் செல்லில் சோடியம் போய்வருகிற வாசல் ஒன்று இருக்கிறது. செல் கண்டபடி வேகமாக மின்துடிப்பு விடும்போது அந்த வாசலைச் சாத்திவைப்பது இந்த மருந்தின் வேலை. ஒரு மூலையில் கிளம்பும் தீப்பொறியை அமுக்க இது போதும். ஃபெனிடாயினும் ஆக்ஸ்கார்பசெபினும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன.

இரண்டாவது குடும்பத்தில் கோளாறு வேறு மாதிரி. மூளையின் நடுவில் தலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கும் மூளையின் மேற்பரப்புக்கும் நடுவே ஓயாமல் பேச்சு நடந்துகொண்டிருக்கும். அப்சென்ஸ் வலிப்பில் அந்தப் பேச்சு திடீரென ஒரே தாளத்துக்கு வந்துவிடுகிறது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி சோதனையில் பார்த்தால் நொடிக்கு மூன்று என்று அளந்து வைத்தாற்போல் அலை வரும். ஜே.எம்.இ.யில் இன்னும் வேகம், நொடிக்கு நாலிலிருந்து ஆறு. தலாமஸ் செல்லுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அதை அளவுக்கு மீறி அடக்கினால், அடக்கம் விட்டதும் துள்ளி எழும். ஊஞ்சலை நிறுத்துகிறேன் என்று பின்னால் இழுத்துப் பிடித்துவிட்டு, கையை விட்டால் என்ன ஆகும்? அதேதான். மூளையை அடக்கும் காபா என்ற ரசாயனத்தைக் கூட்டுகிற விகாபட்ரின், டியாகபின் ஆகிய மருந்துகள் வேறு வலிப்புகளுக்கு நல்லவை, ஆனால் அப்சென்ஸ் வலிப்பை மோசமாக்கும். கார்பமாசெபினும் தலாமஸில் இந்தத் தாளத்தை ஏற்றிவிடுவதை எலிகளில் செய்த ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆக, பெரிய வலிப்பு நின்றுபோய், வெட்டும் வெறித்த பார்வையும் கூடுவதில் முரண்பாடு ஒன்றுமில்லை. ஒரே மருந்து ஒன்றை நிறுத்தி இன்னொன்றைக் கிளப்பிவிட முடியும். டோஸ் கூட்டியதும் மோசமானது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியமான தடயம்.

இதைவிடக் கொடுமையாக இது தெரிகிற இடம் ட்ராவே என்ற குழந்தை வலிப்பு. முதல் பிறந்தநாளுக்குள் காய்ச்சலோடு நீண்ட வலிப்பாகத் தொடங்கும். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குச் சோடியம் வாசலைக் கட்டும் மரபணுவிலேயே பழுது இருக்கும். அதனால் முதலில் சோர்ந்துபோவது மூளையின் பிரேக் செல்கள். ஏற்கெனவே தேய்ந்த பிரேக்கின் மேல் சோடியம் வாசலைச் சாத்தும் மருந்தையும் கொடுத்தால் வண்டி எப்படி நிற்கும்? உங்கள் மகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வலிப்பு திரும்பத் திரும்ப வருகிற வீட்டில் யாராவது இதைப் படிக்கலாம் என்று எழுதினேன்.

டாக்டர் தப்பு செய்துவிட்டாரா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும். அவரிடம் போனது ஒரு வலிப்பு, ஒரு சுத்தமான ஸ்கேன். காலை வெட்டைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவரும் கேட்டிருக்க மாட்டார். பிறகு நீங்கள் "வலது கையில் அதிகம்" என்று சொன்னதும், மூளையின் இடப்பக்கத்து மூலையில் கிளம்புகிற வலிப்பு என்று அவர் நினைத்திருப்பார். பாடப்புத்தகப்படி நியாயமான கணக்கு. ஜே.எம்.இ.யில் வெட்டு ஒரு பக்கம் அதிகமாகத் தெரிவது சகஜம், அங்கேதான் பலரும் வழுக்குவோம்.

நானும் வழுக்கியிருக்கிறேன். பயிற்சிக் காலத்தில் ஐ.டி.ஐ. படிக்கும் ஒரு பையனுக்கு ஃபெனிடாயின் எழுதினேன். வலிப்பு குறையவில்லை என்று திரும்பி வந்தான், டோஸைக் கூட்டினேன், மறுபடியும் வந்தான். வார்டில் சேர்த்தோம். எத்தனை தடவை வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, நாக்கைக் கடித்தானா என்று எல்லாம் கேட்டு எழுதிய எனக்கு, காலையில் எழுந்ததும் என்ன ஆகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாவது நாள் ரவுண்ட்ஸில் வார்டு சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சார், இந்தப் பையனுக்கு மட்டும் காலையில ரெண்டு டம்ளர் காபி கொடுக்கணும். ஒண்ணு பெட்ஷீட்டுக்கு." மறுநாள் ஆறரை மணிக்குப் போய் அவன் கட்டில் பக்கத்தில் நின்றேன். டம்ளரை எடுத்தான், கை ஒரு வெட்டு வெட்டியது, காபி சுவரில் தெறித்தது. அவன் சங்கடத்தோடு என்னைப் பார்த்து, "தூக்கக் கலக்கம் சார்" என்றான். மருந்தை மாற்றிய பிறகு அந்த வெட்டு அடங்கிவிட்டது. நோயைக் கண்டுபிடித்தவர் அந்த சிஸ்டர், நான் இல்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஒரு வேளைகூட. ஐந்து மாதம் பழகிய மூளையிலிருந்து வலிப்பு மருந்தைச் சட்டென்று எடுத்தால், விடாமல் அடுத்தடுத்து வலிப்பு வந்து ஐ.சி.யூ.வில் போய் நிற்கக்கூடும். தப்பான மருந்தாகவே இருந்தாலும் அதை இறக்க ஒரு முறை இருக்கிறது. வழக்கமாகப் புது மருந்தை முதலில் ஏற்றிவிட்டு, பிறகுதான் பழையதைப் படிப்படியாகக் குறைப்போம். கார்பமாசெபின் ஈரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைக்கும் குணமுள்ளது. அதைக் குறைக்கும்போது கூட இருக்கும் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். அந்தக் கணக்கை டாக்டர் போட வேண்டும்.

இந்த வாரத்துக்குள் ஒரு நரம்பியல் நிபுணரைப் பாருங்கள். பழைய டாக்டரிடமே சொல்லி அவர் கையால் கடிதம் வாங்கிப் போனால் இன்னும் நல்லது. போவதற்குமுன் உங்கள் போனில் ஒரு வேலை செய்யுங்கள். நாளைக் காலை அவள் எழுந்ததும் ஒரு டம்ளரில் கால்வாசித் தண்ணீர் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். சூடான காபி வேண்டாம். மூன்று நாள் எடுத்தால் ஒரு நாளாவது வெட்டு விழும். நிபுணருக்கு வெட்டு விழுகிற அந்தப் பதினைந்து வினாடி வீடியோ இன்னொரு ஸ்கேனைவிடப் பெரிது. வெட்டு தொடங்கிய தேதி, மாத்திரை தொடங்கிய தேதி, டோஸ் கூட்டிய தேதி, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டு முன்பே இருந்ததா, மாத்திரைக்குப் பின் புதிதாக வந்ததா என்பது ரொம்ப முக்கியம். மாத்திரை அட்டையையும் கொண்டுபோங்கள், கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் எங்களுக்கு வேண்டும்.

ஈஈஜி எடுக்கச் சொல்வார்கள். முடிந்தால் இரவுத் தூக்கத்தைக் குறைத்துவிட்டு, காலையில் தூங்கவைத்து எழுப்பி எடுப்பது நல்லது. ஆனால் தூக்கத்தைக் குறைப்பதே அவளுக்கு வலிப்பைக் கிளப்பலாம் என்பதால், அந்த ஏற்பாட்டை டாக்டர் சொல்லாமல் நீங்களாகச் செய்யாதீர்கள். ஒரு ஈஈஜி நார்மலாக வந்துவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

வலிப்பு கூடினால் எல்லாப் பழியையும் மாத்திரை மேல் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் மாத்திரையைச் சாப்பிடாமலே சாப்பிட்டேன் என்று சொல்கிறாளா? ரத்தத்தில் சோடியம் குறைந்துவிட்டதா? கார்பமாசெபினும் ஆக்ஸ்கார்பசெபினும் சிலருக்கு அதைக் குறைக்கும், ரொம்பக் குறைந்தால் அதனாலேயே வலிப்பு வரும். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கழுத்து வலி, கை மரப்பு என்று வேறு யாரிடமாவது காட்டி பிரிகாபலின், கேபபென்டின் வாங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வலிக்குக் கொடுக்கும் அந்த மருந்துகளும் வெட்டைக் கூட்டலாம்.

மருந்து மாறும் என்றால் எதற்கு மாறும்? ஜே.எம்.இ.க்கு மிக நன்றாக வேலை செய்வது சோடியம் வால்புரோயேட். பையனாக இருந்தால் பேச்சு அங்கே முடிந்திருக்கும் என்று ஒரு காலத்தில் சொல்வோம். பெண்ணுக்கு அப்படி எழுதிவிட முடியாது. கர்ப்பத்தின்போது இந்த மருந்து உடம்பில் இருந்தால் நூற்றுக்குச் சுமார் பத்துக் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடும், முப்பது நாற்பது குழந்தைகளுக்குப் பேச்சிலும் படிப்பிலும் பின்னடைவும் வருகின்றன. ஐரோப்பாவில் 2018 முதல், கர்ப்பத் தடுப்புத் திட்டத்தில் சேராத, பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று விதி. "கல்யாணத்துக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கே" என்று நினைக்க வேண்டாம். இந்த வகை வலிப்புக்கு மருந்து பல வருடம் தொடரும், நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வரும். உடல் எடை கூடுவதும் முடி கொட்டுவதும் மாதவிடாய் தாறுமாறாவதும் வேறு இருக்கின்றன. 17 வயதுப் பெண்ணுக்கு இவை சின்ன விஷயம் இல்லை.

அதனால் பெரும்பாலும் லெவிடிராசெட்டம் கொடுப்பார்கள். வெட்டு, பெரிய வலிப்பு இரண்டையும் பிடிக்கும். ஒரு தொந்தரவு, சிலருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். சாதுவான பெண் தட்டைத் தூக்கி எறிந்தால் "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். லாமோட்ரிஜினும் ஒரு வழிதான். ஆனால் மெதுவாக, வாரக் கணக்கில் ஏற்ற வேண்டும், தோலில் தடிப்பு வந்தால் உடனே காட்ட வேண்டும். அதுவும் சோடியம் வாசல் மருந்துதான் என்பதால் சிலருக்கு வெட்டைக் கூட்டிவிடும். எதைத் தொடங்கினாலும் முதல் இரண்டு மாதம் அந்தத் தாளில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள்.

அதுவரை காலை அடுப்படி வேலை அவளுக்கு வேண்டாம். பால் காய்ச்சுவது, சாதம் வடிப்பது எதுவும். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமல் சாத்திக்கொள்ளட்டும். ஸ்கூட்டி கூடவே கூடாது. வெட்டு ஒன்று இரண்டு என்று இல்லாமல் கொத்துக் கொத்தாகச் சரமாரியாக வந்தால், பெரும்பாலும் பெரிய வலிப்புக்கு முன்னோட்டம் அது. உடனே உட்காரவோ படுக்கவோ வைத்துவிடுங்கள். வலிப்பே வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். சாவிக்கொத்தும் வேண்டாம், வாயில் ஸ்பூனும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரமாகச் சொன்னதையே சொல்லிக்கொண்டு மந்தமாக உட்கார்ந்திருந்தாலும் அதே அவசரம்தான். விடாமல் ஓடும் அப்சென்ஸ் வலிப்பு அப்படித்தான் இருக்கும், பார்ப்பவர்களுக்குத் தூக்கக் கலக்கம்போலத் தெரியும்.

கடைசியாக நீங்கள் கேட்ட நாலு மணி. பலவீனம் காரணம் இல்லை, சத்து டானிக்கும் தேவையில்லை. ஆனால் தூக்கத்தைப் பாதியில் கெடுத்து எழுப்புவது இந்த வகை வலிப்புக்கு விருந்து வைத்து அழைப்பது மாதிரி. பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழுகிற பிள்ளைக்கு எந்த மருந்தும் முழுசாக வேலை செய்யாது. மாத்திரை மாறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இதை இன்றைக்கே மாற்றலாம். இரவு பத்துக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். அலாரம் ஆறுக்கு. விட்டுப்போன பாடத்தைச் சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் படிக்கட்டும். கடிதத்தில் அவள் என்ன பாடப்பிரிவு என்று எழுதவில்லை. வேதியியல் செய்முறைத் தேர்வு இருந்தால், அமில பாட்டிலைக் கையில் எடுப்பதற்குமுன் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.